பிசிறு என்று வெட்டிய பூக்கள்

டெய்லரக்காவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. துணி வெட்டும் பெரியது அல்ல, நூல் பிசிறு நறுக்கும் சின்னது. கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பூசணிக் கொடியை நறுக்கிக்கொண்டிருந்தார். தைத்த துணிகளைத் தொங்கவிடும் பழைய இரும்பு ஸ்டாண்டில்தான் கொடியை ஏற்றியிருந்தார். நீளக் காம்பில் நின்ற மஞ்சள் பூக்களும் மொட்டுகளும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்த பூக்களை மட்டும் விட்டுவைத்தார்.

"எதுக்குக்கா இத்தனை பூவை வெட்டிப் போடுறீங்க?" என்றேன்.

"காய் இல்லாத பூ எதுக்கு? சும்மா நின்னு சத்தைத் தின்னுது, என் வீட்டுக்காரர் மாதிரி."

அந்த வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. பையன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர். அவர் திரும்பி வருவார் என்று ஊரே காத்திருந்தது, அக்கா மட்டும் காத்திருக்கவில்லை. மறுவாரமே ஒரு தையல் கடையில், பித்தான் நுழையும் துளைக்குக் காஜா எடுக்கச் சேர்ந்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் உதவி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து வீடு. கோடை தொடங்கும்போது டெய்லரக்கா இந்தக் கொல்லையில் விழுந்தார். குழாயடிச் சேற்றில் கால் வழுக்கி, இடுப்பு எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போனபோது மல்லாந்து கிடந்தார். வலது கையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். கையும் உடைந்துவிட்டதோ என்று பார்த்தால், உள்ளங்கையில் ஒரு தக்காளி. "நசுங்கல, பாத்தியா?" என்றார். ஆம்புலன்ஸ் வரும் வரை அதை என்னிடம் தரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவர் மகன் கேட்டான். ஒப்புக்கொண்டேன். மகன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல பிள்ளை, ஆனால் பயந்த பிள்ளை. எதையும் கீழே விழப்போகும் பொருளாகவே பார்ப்பான், அது அவன் தொழில். அந்தப் பயத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கொல்லை முழுவதையும் சமப்படுத்திச் சிமெண்ட் போடுவது, செடி கொடி எதுவும் வேண்டாம். கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது, வியாழக்கிழமை வேலை.

தொடக்கத்தில் நான் சொன்ன உரையாடல் நடந்தது புதன்கிழமை.

அந்தக் கோடையில் கொல்லை என்ன கொடுத்தது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அக்காவின் பக்கம் சாய்த்துச் சொல்லமாட்டேன். அவரைக்காய் கொட்டியது. தெருவில் அக்காவின் குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு எல்லோர் வீட்டிலும் அவரைக்காய். மிளகாய் நன்றாக வந்தது, ஒன்றைக் கடித்து நானே விக்கியிருக்கிறேன். தக்காளி பாதிக்கு மேல் வெடித்துப்போனது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காயவிட்டு, வந்ததும் ஆசையில் வெள்ளமாகத் தண்ணீர் விட்டதன் பலன் அது. கத்தரியில் புழு. வெள்ளரி வாயில் வைக்க முடியாத கசப்பு, அதை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "கசப்பு உடம்புக்கு நல்லது, நர்ஸு. நீ குடுத்த மாத்திரை இனிச்சுதா?" என்று என்னையும் தின்ன வைத்தார்.

பூசணிதான் தீராத வழக்கு. கொடி கொல்லையில் பாதியை அடைத்துக்கொண்டது. குட்டிக் காய்கள் வரிசையாக வந்தன. விரல் நுனி அளவு ஆனதும் மஞ்சளாகி, மெத்தென்று அழுகி விழுந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. பின்தெருவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டு மதில்மேல் பூசணிகள் தலையணை போலப் படுத்திருக்கும். அவர் போகிற போக்கில் வேலிக்கு வெளியே நின்று, "டெய்லர், உன் கொடிக்கு அளவெடுத்து ஒரு சட்டை தச்சுப் போடு. காய் இல்லாத வெட்கத்தையாவது மறைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதை மறக்கவில்லை.

புதன்கிழமை மதியம் மகன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லை வாசலில் நின்றான்.

"அம்மா, நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றாரு."

"எதுக்கு? எனக்குச் சமாதி கட்டவா?"

"ஏம்மா இப்படிப் பேசுற? நீ விழாம இருக்கத்தானே. இந்தக் கொடியப் பாரு. ஒரு காய் புடிச்சுதா? காய்க்காத கொடிக்காக இடுப்ப ஒடச்சுக்கிட்டதுதான் மிச்சம்."

"காய்க்கலன்னா வெட்டிடணுமா? நீகூடத்தான் ஆறு வயசு வரைக்கும் பேசல. தூக்கியா போட்டேன்?"

"ஆறு இல்லம்மா, நாலு."

"எனக்கு ஆறு மாதிரி இருந்துச்சு."

அவன் என் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "தரை மேடும் பள்ளமுமா இருக்கு, எப்பவும் ஈரம். இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்கிறது கஷ்டம்தான்."

மகன் போய்விட்டான். அக்கா என்னிடம் பேசவில்லை. மாத்திரை கொடுத்தேன், வாங்கி விழுங்கினார். கால் பயிற்சி செய்யச் சொன்னேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அது புதிதல்ல. பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், வாசல் கேட் வரை நடந்தால் போதும் என்று கெஞ்சுவாள். "கேட்டுல என்ன இருக்கு? எனக்கு கேட்டத் தெரியும்" என்பார்.

இவரை நான் இன்று நேற்றுப் பார்க்கவில்லை. அந்தத் தையல் கடை முதலாளி, பெண்பிள்ளைக்குக் கால்சட்டை வெட்ட வராது என்று ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னாராம். அக்கா இன்ச் டேப்பை எடுத்தார். அந்த ஆளுக்கு அங்கேயே அளவெடுத்து, முதலாளியின் துணியை முதலாளியைக் கேட்காமலே வெட்டித் தைத்துக் கொடுத்தார். கால்சட்டை கச்சிதமாக இருந்தது, வேலை அன்றே போனது. பிறகு வீட்டின் முன்னறையில் பழைய மெஷின் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். பொம்பளையிடம் யார் தைக்க வருவார்கள் என்று இதே தெரு சிரித்தது. அந்தத் தெருவில் இரண்டு தலைமுறைப் பள்ளிச் சீருடை அவர் கையால் தைத்ததுதான். கண் மங்கிய பிறகுதான் மெஷினை மூடினார். மூடிய மறுநாள் மண்வெட்டி வாங்கிவிட்டார்.

சாயங்காலம் நான் கிளம்பும் நேரம், சாப்பாட்டு மேஜையில் இரண்டு பூசணிப் பூக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று கீழே கிடந்ததிலிருந்து பொறுக்கியது. இன்னொன்று வாடிய குட்டிக் காயோடு விழுந்தது. சின்னக் கத்தரிக்கோலால் இரண்டையும் பிரித்துக்கொண்டிருந்தார், இதழ் தனியாக, காம்பு தனியாக. தைத்த சட்டையைப் பிரித்துப் பார்க்கிற அதே நிதானம்.

"நர்ஸு, இங்க வா." கோபத்தை அதற்குள் எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருந்தார். "இதைத் தொடு."

காய் இல்லாத பூவின் நடுவில் ஒரு தண்டு இருந்தது. தொட்டதும் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. காயுள்ள பூவின் நடுவில் பொடி இல்லை, பிசுபிசுப்பான மடிப்புகள்தான்.

"இதுல பித்தான் இருக்கு. அதுல காஜா இருக்கு," என்றார் அக்கா. கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். "நான் எல்லாப் பித்தானையும் பிசிறுன்னு நெனச்சு வெட்டிப் போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வீட்டுக்காரரு தேவைதானாக்கா?"

"பூசணிக்குத் தேவை," என்றார். "எனக்கில்ல."

கொடியில் காயுள்ள பூ ஒன்று மறுநாள் விரியத் தயாராக இருந்தது. பொடியுள்ள பூ ஒன்றுகூட மிச்சமில்லை, மொட்டையும் விட்டுவைக்காத கத்தரிக்கோல் அது. மறுநாள்தான் கொத்தனார். "தூங்குங்கக்கா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நோயாளிகளிடம் நாங்கள் வழக்கமாகச் சொல்வது அது.

வியாழன் விடிந்ததும் போனேன். மகன் மணலும் ஜல்லியும் ஏற்றிவரக் கிளம்பிவிட்டிருந்தான். கட்டில் காலி. வாக்கரும் இல்லை. குளியலறையைப் பார்த்தேன், கொல்லையைப் பார்த்தேன். வாசல் கேட் திறந்து கிடந்தது. கேட்டுக்கு வெளியே தெருவில் இறங்கித் திருப்பம் வரை ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பின்தெருவிலிருந்து டெய்லரக்கா வந்துகொண்டிருந்தார். வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு அடி, பிறகு மறு அடி. முகம் வியர்த்திருந்தது. நைட்டியில் அவரே தைத்து வைத்த பையிலிருந்து மூன்று மஞ்சள் பூக்கள் எட்டிப் பார்த்தன. பின்னால் கண்டக்டர் பனியனோடு வந்துகொண்டிருந்தார்.

"டிக்கெட் இல்லாம ஏறிட்டியே, டெய்லர்! மதிலுக்கு வெளிய நின்னு பறிச்சா திருட்டு இல்லையா?"

"மதிலுக்கு வெளிய தொங்குறது தெருவுக்குச் சொந்தம்."

"கேட்டா குடுக்கமாட்டேனா?"

"கேக்குறது எனக்குப் பழக்கமில்ல."

நான் திட்டினேன். விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "திட்டிக்கிட்டே நட. பூ மூடிக்கும்," என்றார்.

ஆபரேஷன் ஆன இடுப்போடு குனியக்கூடாது. அதனால் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கொடியை நான் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். இதழ்களைக் கிழித்துவிட்டு, தண்டை மட்டும் விரலிடுக்கில் பிடித்து, விரிந்திருந்த பூவின் நடுவில் மெல்லச் சுற்றித் தேய்த்தார். ஊசியில் நூல் கோர்க்கும்போது செய்வதுபோல நாக்கின் நுனி வெளியே இருந்தது. ஒரு பூவுக்கு மூன்று தண்டையும் தேய்த்துத் தீர்த்தார்.

கை கழுவும் முன் கொத்தனார் வந்துவிட்டார், கூடவே மகன். வாசலில் மணலும் ஜல்லியும் இறங்கியிருந்தன. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"அம்மா, உள்ள வா."

"மொத்தமா சிமெண்ட் ஊத்தணும்னா என்னைத் தூக்கிட்டு ஊத்து. தூக்குற தைரியம் யாருக்கு இருக்கோ, வரட்டும்."

கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார். "நான் வேலைக்கு வந்தேன் தம்பி, சண்டைக்கு வரல."

மகனின் முகம் சிவந்தது. "சிஸ்டர், நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தரை மோசம், இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன்," என்றேன். "ஆனா உங்கம்மா இன்னைக்குப் பின்தெரு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்திருக்காங்க. கேட் வரைக்கும் நடக்க வைக்க நானும் அந்தப் பொண்ணும் இத்தனை வாரம் கெஞ்சினோம், நடக்கல. படுத்துட்டவங்க எத்தனை பேரை நான் வார்டுல புரட்டிப் போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியாது, தம்பி. அவங்கள்ல பல பேர் விழுந்து படுக்கல, எழுந்து போறதுக்கு இடம் இல்லாமப் படுத்தவங்க. இந்தக் கொடிய எடுத்துட்டா உன் அம்மா விழமாட்டாங்க. எழுந்திரிக்கவும் மாட்டாங்க."

அவன் வாக்கரைப் பார்த்தான். பிறகுதான் கேட்டான்: "பின்தெரு வரைக்குமா? தனியாவா?"

"திருடப் போறதுக்குத் துணைக்கு ஆளா கூட்டிட்டுப் போவாங்க?" என்றார் அக்கா.

வேண்டியது ஒரு பாதை, அவ்வளவுதான் என்றேன். வீட்டு வாசற்படியிலிருந்து கொடி வரை, வாக்கர் போகிற அளவு. மேலே வழவழப்பாக இல்லாமல் துடைப்பத்தால் வரி போட்டு, ஒரு பக்கம் கைப்பிடியோடு. ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதை அப்படித்தான் இருக்கும். நான் சொன்னதும் அக்கா முகத்தைச் சுளித்தார். பாதைக்கு ஒரு பாத்தி போகும்.

"எதை வெட்டுறதுன்னு நான்தான் சொல்லுவேன்," என்றார். இன்ச் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். வாக்கரின் அகலத்தை அளந்தார். இரண்டு பக்கமும் நான்கு விரல் கூட்டினார். "உடம்பு அளவுக்கே தச்சா மூச்சு விட முடியாது." வெள்ளரிப் பாத்தியைக் காட்டினார். "இது போகட்டும். கசக்குது."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க நான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

"நேராப் போட்டா அந்த மிளகாச் செடியும் போயிடும், பெரியம்மா," என்றார் கொத்தனார்.

"வளைச்சுப் போடு. கழுத்து வளைவு வெட்டத் தெரியாதவன் டெய்லரா?"

"நான் டெய்லர் இல்லையே."

"இன்னைக்கு ஆயிடு."

வளைத்துத்தான் போட்டார். கைப்பிடியைத் தானே பொருத்துவதாக மகன் சொன்னான், குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. பகல் முழுவதும் அக்கா நாற்காலியில் இருந்து எல்லோரையும் வேலை வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது கொல்லை வாசற்படியில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பாதையின் சிமெண்ட் இன்னும் இறுகவில்லை, தண்ணீர் தெளித்து வரவேண்டும், கால் வைக்கக்கூடாது. கொடியில் இன்னொரு காய்ப்பூ விரிந்திருந்தது. அது அவருக்கு எட்டாத தூரம். நேற்றைய பூ மூடிக்கொண்டிருந்தது. பிடிக்குமா, விழுமா என்று இப்போது சொல்ல முடியாது.

மகன் வேலைக்குப் போகும் உடுப்போடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். அக்காதான் கண்டக்டர் வீட்டுக்கு அவனை அனுப்பியிருந்தார். கிரீஸ் படிந்த விரல்களில் மஞ்சள் பூ ஒன்றை, காற்றில் அணைந்துவிடும் தீக்குச்சியைப் போல மறைத்துப் பிடித்திருந்தான்.

"கேட்டு வாங்கினியா?"

"கேட்டுத்தான் வாங்கினேன். மாமா அவரைக்காய் கேக்குறாரு."

"அவருக்கு எதுக்கு அவரைக்காய்? சரி, குடுத்துத் தொலைக்கலாம். ஓரமாப் போ. சிமெண்ட மிதிக்காத."

அவன் சுவரோரமாகச் சாய்ந்து சாய்ந்து கொடி வரை போய் நின்றான். "எந்தப் பூம்மா?"

"அடியில காய் இருக்கிறது. இதழைக் கிழிடா. அவ்ளோ அழுத்தாத, அது லிஃப்ட் பட்டன் இல்ல."

நான் குழாயைத் திறந்து, பாதையின்மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினேன்.