ஒட்டிப் பிறந்த படிகம்

கணினியில் எண்கள் ஓடத் தொடங்கியதும், ஆய்வகத்தில் எல்லாருக்கும் அக்காவான அவர், செருப்பை உதறிவிட்டு நாற்காலியிலேயே சம்மணம் போட்டுவிடுவார். யார் கூப்பிட்டாலும் தலை திரும்பாது. "ம்" மட்டும் வரும். வெறும் "ம்" என்றால் சரி. இழுத்து "ம்ம்ம்" என்றால் யாருக்கோ வேலை முளைத்துவிட்டது.

புரதத்தைப் படிகமாக வளர்த்து, அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, விழுகிற புள்ளிகளை வைத்துப் புரதத்தின் உருவத்தைக் கட்டுவதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பு. சில படிகங்கள் இரட்டையாக ஒட்டி வளர்ந்து தொலையும்; ஒன்று நேராக, இன்னொன்று தலைகீழாக. இரண்டின் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழும். மற்றவர்கள் குப்பையில் போடுவதை அக்கா கை நீட்டி வாங்குவார். "ஒட்டிக்கிட்டா என்ன? பிரிச்சுப் பாக்க நான் இருக்கேன்ல." அடக்கத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "வீட்டுலயும் ரெட்டைப் பிள்ளைங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒண்ணே வீட்டைக் கவுத்துப் போடுது, போதும் சாமி" என்றார்.

அன்று வந்தவர் மருந்து வடிவமைப்பவர், அக்காவுக்கு மூத்தவர். தன் மருந்து புரதத்தின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால்தான் வேலை தொடரும். இல்லையென்றால் குழுவையே கலைத்துவிடுவார்கள். அவர் கட்டிக் கொண்டுவந்த உருவம் புள்ளிகளோடு எவ்வளவு முரண்படுகிறது என்று சொல்லும் பிழை எண் அழகாகக் குறைந்திருந்தது. மனுஷருக்கு முகமெல்லாம் பல்.

"ம்ம்ம்" என்றார் அக்கா.

"ஏம்மா இப்படி இழுக்குற?"

"சோதிச்சுப் பாக்கன்னு கொஞ்சம் புள்ளிய உருவத்துல சேக்காம ஒளிச்சு வெச்சீங்களே, எப்படி எடுத்தீங்க அண்ணே?"

"குலுக்கல்லதான், எப்பவும் போல."

"இது ரெட்டைப் படிகம்ணே. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒண்ண ஒளிச்சுட்டு அதோட ஜோடிய வெளிய விட்டுட்டீங்க. கேள்வித்தாளைப் பூட்டி வெச்சுட்டு விடைத்தாளை ஜன்னல்ல மாட்டினா, எவன் பெயிலாவான்?"

பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. "அப்ப என் மருந்து?"

"பாத்துத்தான் சொல்லணும். இப்படியே அனுப்பினா நாளைக்கு ஊர் சிரிக்கும்."

அக்கா ஜோடி ஜோடியாகப் புள்ளிகளை ஒளித்தார். பழைய நினைப்பு ஒட்டியிருக்கக் கூடாதென்று உருவத்தின் அணுக்களை ஓர் உலுக்கு உலுக்கினார். பிறகு, குழியிலிருந்து மருந்தையே பிடுங்கி எறிந்தார்.

"ஐயோ!" என்றார் அவர், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல.

"அது நெசமாவே உள்ள இருந்தா, நாம வெக்காமலே தடம் தெரியும். போய் ஒரு காபி குடிங்க."

"நான் இங்கயே நிக்கிறேம்மா."

கணினி மூச்சு வாங்கி ஓடி நின்றது. பிழை எண் ஏறியிருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கா எண்ணைச் சட்டையே செய்யாமல் குழியைத் திரை நிறையப் பெரிதாக்கினார். காலியாக விட்ட இடத்தில், புள்ளிகளே காட்டிய தடமாக, பச்சையாக ஒரு திரள். மருந்தின் அதே உருவம், வளைந்த வால்வரைக்கும் அப்படியே.

"கண்ணத் தொறங்கண்ணே. ஏறினதுதான் நெசமான எண்ணு."

அவர் திரையருகே குனிந்து அந்த வாலை விரலால் வருடினார். மருந்தைத் திரும்பக் குழிக்குள் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அக்கா மவுஸை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.