வெள்ளிமலைப் பாறையிலிருந்து பார்த்த ராக்கெட்

சென்னையில் மொட்டை மாடி ஏறி மூன்று முறை ராக்கெட் பார்க்க முயன்றேன். மூன்று முறையும் பார்த்தது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத்தான். எரிச்சலில் வரைபடத்தை விரித்தபோது கல்வராயன் மலை கண்ணில் பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ. தூரம்தான், ஆனால் நல்ல உயரம். போன பங்குனியில், மாலை 6.25க்கு ஒரு சிறிய ராக்கெட் என்று அறிவித்ததும் பையைத் தூக்கிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் மதியம் 1.40க்கு வெள்ளிமலை பேருந்து. கட்டணம் 45 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தது, கூடவே யாருடையதோ ஒரு பலாப்பழமும் மடிக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் ஆரோக்கியசாமி, வடகிழக்கு பார்த்த ஒரு பாறைக்குப் போய்வர 900 ரூபாய் கேட்டார். 9 கி.மீ. மண்சாலை. வழியில் எதற்கு என்று சொன்னதும் வண்டியை ஓரங்கட்டினார்.

“இன்னா மேடம், இங்கேர்ந்து தெரியுமா? எம் பொண்ணு அந்த ராக்கெட் வுடற எடத்துலதாங்க காண்ட்ராக்ட்ல வேல செய்யுது. கைக்கொழந்தைய எங்க வூட்ல வுட்டுட்டுப் போயி நாலு மாசம் ஆவுது. இது மேல போனாத்தான் லீவாம். ரெண்டு தபா தள்ளி வெச்சிட்டாங்க.”

6.10க்குப் பாறை மேல் இருந்தோம். கைபேசியில் நேரலை “பத்து, ஒன்பது” என்று எண்ணிக்கொண்டிருந்தது. நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

“போனை வுடுங்க மேடம்! அங்க ஏறிக்கினு இருக்குது!”

நேரலை தாமதமாக வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிவானப் புழுதிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. முதலில் நெட்டுக்குத்தலாக ஏறி, மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. வாயுவைக் கீழே உமிழும் வேகத்தில் மேலே போகிறது. வெறும் உயரம் போதாது, பக்கவாட்டு வேகமும் வேண்டும், இல்லையென்றால் திரும்ப விழுந்துவிடும். படித்ததுதான். ஆனால் எங்களுக்கு இருட்டிக்கொண்டு வரும்போது அதன் புகை மட்டும் இன்னும் வெயிலில் பொன்னாக எரிவதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சட்டென்று பொட்டு அணைந்தது.

“போச்சுங்க.” ஆரோக்கியசாமி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். “இனிமே விசாரண அது இதுன்னு பொண்ண வுடவே மாட்டாங்க.”

“இல்லைங்க, அடியில இருக்கற அடுக்கு எரிஞ்சு தீர்ந்திருக்கும். அதைக் கழட்டி விட்டுட்டுதான் அடுத்தது பத்தும்” என்று தைரியமாகச் சொன்னேன். உள்ளுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினேழு எண்ணியபோது, இன்னும் உயரத்தில், சின்னதாக வெள்ளை வெளிச்சம் ஒன்று பிறந்தது. நான் கத்தியேவிட்டேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“சத்தமே வரலியே மேடம்?”

“இவ்வளவு தூரத்துக்கு வராதுங்க.”

“கொஞ்சம் இருந்து பாப்போம்.”

எனக்கும் எழ மனமில்லை. புகை காற்றில் கோணல்மாணலாகி மங்கும்வரை இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 6.55க்கு அவர் கைபேசி அடித்தது. காதில் வைத்து “ம்... ம்...” என்றவர், என் பக்கம் திரும்பினார்.

“சத்தம் வந்துடுச்சுங்க. பொண்ணுதான் பேசிச்சு, நாளன்னிக்குக் காலைல சின்னசேலம் ஸ்டேஷன்ல எறங்குதாம்.”

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். திரும்பும் பேருந்தை முன்பே விசாரியுங்கள். நான் தவறவிட்டதால் ஆரோக்கியசாமிதான் கள்ளக்குறிச்சி வரை கொண்டுவந்து விட்டார். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். நடுவில் வெளிச்சம் அணைந்தால் உட்கார்ந்துவிடாமல் முப்பது வரை எண்ணுங்கள்.