கசப்புப் போகாத பீப்பா

“…களியோடை உந்த அறுந்த என்சைமையும் சேர்த்து வாய்க்காலுக்கை ஊத்துங்கோ, ராணியக்கா. ஆறு மாசமாப் பாத்தாச்சு, காணும்!” என்றார் எங்கள் மானேஜர் சேர்.

பனம்பழச் சாறு போடும் அந்தத் தொழிற்சாலையில் சாறு வடிக்கும் பகுதி என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மெஷின், புளிப்புப் பார்க்கும் பி.எச். தாள் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவைதான். பனங்களியில் கசப்புத்தான் பெரிய தலையிடி. அதை உடைக்கும் நொதியம் ஒன்றை, சேர் சொன்ன அந்த என்சைமை, எங்கள் களிக்கென்றே மாற்றியமைத்தவள் தர்ஷினி, ஆய்வுகூடப் பிள்ளை. கண்ணாடிக் குவளையில் ஒவ்வொரு முறையும் கசப்புப் போனது. அன்றுதான் முதன்முதலாகப் பீப்பாவில் போட்டோம், போகவில்லை. அவளுடைய வேலையையே மூடுவதென்று சேர் முடிவெடுத்துவிட்டார்.

“ஊத்தமாட்டன், சேர்.”

“ஏனக்கா, நீங்களும் கம்பஸிலையோ படிச்சனீங்கள்?”

“இல்லை. எனக்கு நாக்கு இருக்கு. குவளையிலை இனிச்சது பீப்பாவிலை கைச்சால், பிழை பீப்பாவிலை.”

கையை உள்ளே விட்டுத் தடவினேன். சொரசொரவென்றிருந்தது. போன பருவம் கருப்பநீர், அதாவது பதநீர், சேர்த்து வைத்த பீப்பா அது. அது புளிக்காமலிருக்கப் போட்ட சுண்ணாம்பு சுவரில் படிந்திருந்தது. உள்ளேயிருந்த களியில் தாளைத் தோய்த்தேன், பச்சையானது. தர்ஷினியின் நொதியம் புளிப்பில்தான் வேலை செய்யும். தாள் செம்மஞ்சளாக வரவேண்டும்.

“பீப்பா கழுவினது நான்தான், சேர். தண்ணியாலை மட்டும் கழுவினன். பிழை என்ரை. அவளின்ரை என்சைமைக் குறை சொல்லாதேங்கோ.”

“கதையை விடுங்கோ. மிச்சத்தைத் தொடவேண்டாம்!”

தொட்டேன். பீப்பாவில் போடாத மிச்சக் களியை எவர்சில்வர் தொட்டியில் விட்டேன். கடைசி அரைப் போத்தல் நொதியத்தைத் தர்ஷினி ஊற்றினாள். இளஞ்சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்தோம்.

“வேலை போகும், அக்கா,” என்றார் சேர் கதவடியில் நின்று.

“போகட்டும். குடிச்சுப் பாத்திட்டு அனுப்புங்கோ.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புதிதாக வந்ததைக் குறை சொல்ல முன்னம், அதை ஊற்றிய ஏனத்தைத் தடவிப் பாருங்கள். பிழை உங்களுடையதென்றால் நீங்களே உரத்துச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் வாயை ஒருவரும் மூட முடியாது.

ஒரு கோப்பை நீட்டினேன். சேர் குடித்தார். வெறுங் கோப்பையைத் திரும்ப நீட்டினார், நிரப்பினேன். அதைச் சேர் தர்ஷினியின் கையில் கொடுத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, சுண்ணாம்பைக் கரைக்கப் புளிப்பான தேசிக்காய் நாலும் தேய்க்க ஒரு பிடி தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு பீப்பாவுக்குள் தலையை விட்டார்.