வலது கக்கம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருப்பதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தையல் விஷயம் என்பதால்தான் துணிந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து தையல் வகுப்பில் படித்தேன். எங்கள் டீச்சர் ஏதோ ஒரு பயிற்சிக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தார். அதன் பிறகு அவர் பாடம் நடத்தவில்லை. தையல் கடைகளுக்குத் திரும்பி வந்த துணிகளை வாங்கி வந்து, ஒரு சீட்டோடு மேஜையில் போடுவார். அதற்குப் பெயர் கேஸ். குறை என்ன, ஏன் வந்தது என்று நாங்களே கண்டுபிடித்து எழுந்து நின்று சொல்ல வேண்டும். மூன்று கேஸுக்குப் பேசாதவர்களுக்கு வருஷம் முழுக்கப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலைதான், வெட்டும் மேஜைப் பக்கம் போக முடியாது. வெட்டத் தெரியாதவள் தனியாகக் கடை போட முடியாது. நான் இரண்டு கேஸுக்குப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது, சேலையூர் அம்மாள் ஒருவரின் ப்ளவுஸ். சீட்டில், "வலது கக்கம் மட்டும் கிழிகிறது. மூன்று முறை தைத்தாயிற்று. எழும்பூரில் வேலை" என்று இருந்தது. வகுப்பில் சிலர் நூல் மட்டம் என்றார்கள், தையல் நெருக்கம் போதாது என்றார்கள். என் பக்கத்தில் உட்காரும் கல்யாணமான அக்கா, அந்தம்மா சோற்றைக் குறைக்க வேண்டும் என்றார். அதை அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வரும்படி டீச்சர் சொன்னார்.

மறுநாள் காலை ரயிலில் பெண்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நின்றவர்களில் பலருக்கு இடது கையில் பை, வலது கை மேலே கைப்பிடியில். எனக்குக் கைப்பிடி எட்டாது. அதனால் அதுவரை கவனித்ததில்லை.

வகுப்பில் என் முறை வந்தது. அளவு நாடாவை ஜன்னலின் மேல் கம்பியில் வளையமாகக் கட்டினேன். அந்த ப்ளவுஸ் அக்காவுக்கு ஒரு சுற்று பெரிது. அவருடைய ப்ளவுஸின் மேலேயே மாட்டிவிட்டு, வலது கையைத் தூக்கி வளையத்தைப் பிடிக்க வைத்தேன்.

"இன்னாடி பண்ற? வாயத் தொறந்து சொல்லேன், கூச்சமா கீது."

அவர் இடுப்பைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டினேன். ப்ளவுஸ் வலது கக்கத்தில் கிழிந்தது.

"அடிப்பாவி, என்னை எழும்பூருக்கு அனுப்பிட்டியா?" என்றார் அக்கா. வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"கிழிஞ்சது தெரியுது. ஏன்னு வாயால சொல்லு. இல்லன்னா காஜாதான்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அவங்க கையத் தூக்கிட்டே எழும்பூர் வரைக்கும் போறாங்க டீச்சர். நாம கையத் தொங்கவிட்டு அளவெடுக்கிறோம்."

டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா கையை இறக்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் வெட்டும் மேஜை முன் நின்றேன். கையைத் தூக்கினாலும் இழுக்காதபடி அதே ப்ளவுஸின் கக்கத்தில் வைத்துத் தைக்கச் சதுரமாக ஒரு துண்டு வெட்டச் சொன்னார் டீச்சர். இடது கைக்கும் சேர்த்து இரண்டு வெட்டினேன். சாயங்காலம் அந்த அம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.