தெருக்கிணற்றைப் பூட்டிய ஜெசிந்தா அக்கா

செய்தி வந்தபோது நான் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலை. கைப்பேசியில் ஜெசிந்தா அக்காவின் மகள் பிரின்ஸி அனுப்பியிருந்தது ஒரே வரி: "அம்மா போயிட்டாங்க அங்கிள்." படித்தேன். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, மண் அள்ளும் வண்டி ஓட்டுபவரிடம், "இன்னும் கொஞ்சம் ஆழம் போகட்டும்" என்றேன். மதியம் வழக்கம்போல் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது. அதுதான் எனக்கே விளங்கவில்லை.

மாலையில் போனேன். நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். செபம் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன். பெட்டி கோயிலுக்குப் போனபோது பின்னால் நடந்தேன். மரத்துப்போன கால் மாதிரிதான் மனசு இருந்தது. ஊன்றினால் ஊன்றுகிறது, தெரிவதில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு தெருக்காரர்கள் நீங்கள்தான், "சார், அக்காவப் பத்தி நாலு வார்த்த எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் அலுவலகத்தில். குடிநீர்ப் பிரிவில் நான் உதவிப் பொறியாளர். அவர் கடற்கரை வார்டின் கவுன்சிலர். எந்தக் கட்சியிலும் இல்லாமல் நின்று ஜெயித்தவர். வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். கணவர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அக்கா அறைக்குள் நுழையும் முன்பே அவர் குரல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எங்க தெருவுல புள்ளைக வரிசையா மஞ்சக்காமாலையில விழுது. ஒங்க குழாய்த் தண்ணிலதான் கோளாறு. இப்பவே வந்து பாக்கணும். நாளைக்குன்னு சொன்னா இங்கனயே இருந்துக்கிடுவேன்."

அன்றைக்கே போனேன். குழாய்களில் தண்ணீர் எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்கிணற்றிலும் எடுத்தேன். எங்கு தோண்டினாலும் உப்பு ஊறுகிற அந்தக் கடற்கரையில் இந்தக் கிணறு மட்டும் இனிக்கும். குழாயில் தண்ணீர் நாள் விட்டுத்தான் வரும், கிணறு எப்போதும் இருக்கும். தெருவே அதைத்தான் குடித்தது. தோண்டியவர் அக்காவின் மாமனார்.

முடிவு வந்ததும் அவர் கடைக்குப் போனேன். குழாய்த் தண்ணீர் சுத்தம். கிணற்றில் மலக்கிருமி. அக்கா கயிறு அளப்பதை நிறுத்தவில்லை.

"இன்னொரு தடவ எடுங்க."

எடுத்தேன். அதே முடிவு. அப்போதுதான் கயிற்றைக் கீழே வைத்தார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னேன்: ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறைக்கு சிமெண்ட் உறை இறக்கிய குழி இருக்கிறது, அடியில் தளம் கிடையாது, கீழே வெறும் கடல் மணல், வீடுகள் கூடக் கூடக் குழிகளும் கூடிவிட்டன, எல்லாம் ஊறிக் கிணற்றுக்குத்தான் வரும்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எங்க கக்கூசுத் தண்ணியத்தான் நாங்களே காப்பி போட்டுக் குடிக்கோம்னு சொல்லுதிய."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பிரின்ஸிக்கும் சின்ன வயதில் அந்தக் காமாலை வந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டியவர்கள் அவரிடம் பிளீச்சிங் பவுடரைப் போட்டுச் சமாளிக்கச் சொன்னார்கள், ஓட்டு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அக்கா என்னிடம் கேட்டார், "பவுடர் போட்டா சரியாயிருமா?"

"போடுற அன்னைக்குச் சரியாகும். ஒரு நாள் விட்டாலும் பழையபடிதான்."

"புள்ளைக உசுர வச்சுப் போட்டுப் பாக்க முடியாது தம்பி. நான் பூட்டு வாங்கிட்டு வாரேன்."

கிணற்றுக்கு மேல் கம்பி வலை போட்டுப் பூட்டிய காலையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குடங்களோடு வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மீன் விற்கும் ரோசாரி அம்மாதான் முதலில் வாய் திறந்தது.

"ஏளா ஜெசிந்தா, ஒன் மாமனார் தோண்டுன கிணறுன்னா நீ பூட்டிருவியா? ஊருக்குன்னு தோண்டுனாரா, ஒனக்குன்னு தோண்டுனாரா?"

"அவரு தோண்டுனதுனாலதான் நான் பூட்டுதேன். வேற ஆளு தோண்டியிருந்தா பூட்டுறதுக்கு எனக்கு மனசு வந்திருக்குமோ என்னமோ."

"அப்ப தண்ணிக்கு?"

"லாரி வரும்."

லாரி வந்தது, மதியத்துக்கு மேல். வெயிலில் காத்துக் கிடந்தவர்கள் அதற்குள் கல்லால் பூட்டை உடைத்துவிட்டார்கள். அக்கா யாரென்று விசாரிக்கவில்லை. கடைக்குப் போய் இன்னொரு பூட்டு வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து விடியும்போதே எனக்கு அவர் போன் வந்துவிடும், லாரி கிளம்பிவிட்டதா என்று. லாரி வந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டு அவரே நிற்பார். தன் வீட்டுக் குடம் கடைசியில்தான். சில நாள் அந்தக் குடம் நிறையாது.

காமாலை குறைந்தது. மருத்துவமனையில் கிடந்த பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். தேர்தலில் அக்கா தோற்றார். சொந்தத் தெருப் பெட்டியிலேயே ஓட்டு இல்லை. முடிவு தெரிந்த அன்று கடைக்குப் போனேன். அவர் கேட்டது, "இன்னைக்கு லாரி வந்துச்சா?"

கோபமே இல்லாதவர் என்று எழுத மாட்டேன். நன்றாகக் கோபப்படுவார். அன்று நான் கிளம்பும்போது, "அத்தனை பேருக்கும் நான்தான் தண்ணி பிடிச்சுக் குடுத்தேன், தெரியுமா?" என்றார். பிறகு வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது அதற்குப் பிறகு. வீட்டுக் குழிகளை மூடிவிட்டுக் கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோனால்தான் நிலத்தடி நீர் தேறும். ஆனால் அந்தத் தெரு பள்ளம். கழிவு தானாக ஓடாது, ஓரிடத்தில் சேர்த்து மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். அந்த மோட்டார் அறை யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதுதான் பிரச்சினை. கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். சாக்கடை எல்லோருக்கும் வேண்டும். மோட்டார் அறை யாருக்கும் வேண்டாம். கோயில் பக்கம் கூடாது, பள்ளிக்கூடப் பக்கம் கூடாது, வலை காயப்போடும் இடம் கூடாது. திட்டத்தை அடுத்த பகுதிக்கு மாற்றிவிடலாம் என்கிற பேச்சும் வந்துவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை.

"எங்க வீட்டுக்கு வடக்கால இடம் கெடக்குல்லா? அதுல போடுங்க."

பிரின்ஸிக்கு வீடு கட்ட என்று போட்டிருந்த இடம் அது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன், "அக்கா, நல்லா யோசிச்சீங்களா? வாடை வரும்."

"வரத்தான் செய்யும். கருவாடு காயுத தெருவுல பொறந்தவளுக்கு வாடையில என்ன புதுசு?"

வீட்டில் அவ்வளவு லேசாக முடியவில்லை. பிரின்ஸி பல மாதம் அம்மாவிடம் பேசவில்லை. தோணியிலிருந்து திரும்பிய கணவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் அறையைப் பார்த்துவிட்டுப் படுக்கையைத் தெற்கு அறைக்கு மாற்றிக்கொண்டாராம். அக்கா மட்டும் வடக்கு ஜன்னல் பக்கத்திலேயே படுத்தார். மோட்டார் நின்றால் எனக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். "தம்பி, ஒங்காளு சத்தத்தக் காணோம். ஆள அனுப்புங்க."

கிணற்றுத் தண்ணீரை, கம்பி வலை வழியாகக் குப்பி இறக்கி, அவ்வப்போது எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். குழிகள் மூடி, சாக்கடை ஓடி, சில வருஷங்கள் ஆனபின் ஒருமுறை கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் உப்பு ஏறியிருந்தது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சியதில் கடல் உள்ளே வந்துவிட்டது. இந்த முடிவை எப்படிச் சொல்வது என்று தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். அவரே பார்த்துவிட்டு வந்தார். சொன்னேன்.

"இனிமே இனிக்கவே இனிக்காதா?"

"இப்போதைக்கு இல்ல அக்கா."

கிணற்றடிக்கு நடந்து போய் வலை வழியாக எட்டிப் பார்த்தார். "சரி, குடிக்க வேண்டாம். துணி தொவைக்கலாமா?"

"துவைக்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சாவி எடுத்து வந்தார். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டி அவர்தான் திறந்தார். முதல் வாளி இறைத்தது ரோசாரி அம்மா. கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. "கடல் தண்ணிலா இது?" என்றது. இரண்டு பேரும் கிணற்றுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா போன பின்பு, போன வாரம், நகரத்தின் இன்னொரு முனையில் ஒரு தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கத் தகாது என்று சொல்ல வேண்டும். அறிவிப்பை ஒட்டிவிட்டு வந்துவிடலாம், அதுதான் வழக்கம். ஆனால் அக்கா என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்: "கெட்ட சேதிய ஆளு விட்டுச் சொல்லாதிய தம்பி. நேர போங்க. ஏசுவாவ. ஏசி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. முடிச்சபெறகுதான் அடுத்து என்ன செய்யன்னு கேப்பாவ. அதுக்கு முன்னால நீங்க கெளம்பிட்டா அந்தக் கேள்விய யாருட்ட கேப்பாவ?"

நேரே போனேன். சொன்னேன். ஏசினார்கள், என்னை, என் வேலையை, என் வீட்டாரை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இந்த நாள்களில் எதுதான் உறைக்கிறது. வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். சத்தம் மெல்லத் தணிந்தது. கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்து, "சரி சார், அப்ப நாங்க என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி வரும்வரை நிற்பது. ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.