வைத்தியர் சொன்ன ஓட்டம்

பதின்மூன்று வயதிலேயே எனக்குப் பிரஷர் என்று சொன்னார், வாவிக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரி வைத்தியர். உடம்பைக் குறைக்காவிட்டால் சீனி வருத்தமும் வரும், நெஞ்சும் தாங்காது, தினமும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள் என்றார் அப்பாவிடம். செத்துப்போவேனோ என்ற பயத்தில் தோணியிலேயே அழத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா என்னைத் தெருவில் ஓடவிட்டார். எங்கள் படுவான்கரையில் அந்த நாட்களில் ஒருவர் ஓடினால் ஆமி வருகிறது என்று அர்த்தம். நான் மூச்சிரைக்க வந்ததைக் கண்டதும் பக்கத்து வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்கள். அரை ஊர் காட்டுக்குள் போய்விட்டது. அப்பா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அதன்பின் ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த வட்டைக்குள் வயல் வரம்புகளில் ஓடினேன்; அப்பா சைக்கிளோடு வந்து காவல் நிற்பார். நாலு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பிரஷரும் இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம்தான் அடுத்த தெரு அக்காவை இயக்கம் ஆயுதப் பயிற்சிக்குக் கூட்டிப்போனது. அவர் பெரிய பிள்ளை, எனக்கென்ன என்று இருந்தேன்.

ஒரு காலை, தோளில் துவக்கோடு இரண்டு இயக்கப் பொடியன்மார் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா ஓடுறா. எத்தின வயசு?" என்றான் ஒருவன்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "பதினொண்டுதான் தம்பி. நெஞ்சு வருத்தக்காரப் புள்ள. நாலடி நடந்தா விழுந்திரும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இல்ல அண்ணா, பதின்மூண்டு! இப்ப எல்லாம் சுகம், டொக்டரே சொன்னவர். இந்த வட்டைய ரெண்டு சுத்து ஓடுவன்!"

ஓடியும் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். வீடு எங்கே என்று கேட்டார்கள். கை நீட்டிக் காட்டினேன்.

திரும்பும்போது அப்பா சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மாவிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அம்மா கதவைச் சாத்திவிட்டு, வைத்தியர் தொடவே கூடாது என்ற தயிரையும் சீனியையும் பிட்டில் குழைத்து எனக்கு ஊட்டத் தொடங்கினார்.

"தின்னு மகள். இன்னுங் கொஞ்சம் தின்னு."

அம்மா அழுதுகொண்டே ஊட்டினார். என் ஓட்டத்துக்குப் பரிசு என்றுதான் நினைத்துச் சாப்பிட்டேன். அதன்பிறகு யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து நிற்பார். நான் அவரைத் திரும்பியும் பார்க்கமாட்டேன். அண்ணாமாருக்கு முன்னால் என்னைப் பற்றி அப்படிப் பொய் சொன்னாரே என்ற கோபம், ஒரு மாதமாகியும் எனக்கு ஆறவில்லை.