ஜன்னலுக்கு நேராக நான் வைத்த மல்லிகை

இரண்டு வருடங்களுக்கு முன், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் நடந்தது இது. எங்கள் பால்கனியை ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டு அக்காவின் படுக்கையறை ஜன்னல். அக்கா மதுரைக்காரர், வாய் ஓயாமல் பேசுபவர். புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்த பிறகு பேச்சு குறைந்து, ஜன்னலோரமே கதி என்று ஆகிவிட்டார். ஒருநாள், பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் ஒன்று, கட்டைவிரல் அளவு உடம்போடு அந்தரத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்துச் சிரித்தாராம். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார் என்று அவர் கணவர் சொன்னார்.

எனக்கு அது போதாதா? நேராக நர்சரிக்குப் போய், அந்தப் பறவை வருவதற்குத் தொட்டிச் செடி வேண்டும் என்றேன். அங்கே வேலை செய்த பெண், சிவப்பாகக் குழல் குழலாய்ப் பூத்திருந்த சால்வியாச் செடியைக் காட்டி ஏதோ விளக்கினார். நான் காதில் வாங்கவில்லை. குனிந்து முகர்ந்தேன். துளி வாசனை இல்லை. இதெல்லாம் ஒரு பூவா, இவருக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தொட்டி மல்லிகை வாங்கி வந்து அக்காவின் ஜன்னலுக்கு நேராக வைத்தேன்.

மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூத்தது. பறவையைத்தான் காணோம். நல்ல வெயிலிலும் அக்காவின் ஜன்னல் சாத்தியே கிடந்தது. குளிர்கிறது போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, அவர் தலைமாட்டில் வைக்கலாமென்று ஒரு கிண்ணம் நிறையப் பூப்பறித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவர் கணவர் உள்ளே விடவில்லை.

“தப்பா எடுத்துக்காதம்மா. கீமோ ஆரம்பிச்சதுல இருந்து எந்த ஸ்மெல்லும் அவளுக்கு ஒத்துக்கல. மல்லிகை வாசனை வந்தாலே வாமிட் பண்றா. நீ ஆசையா வச்சிருக்க, உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டா.”

கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு மாதமாக அவரைச் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தது நான்தான்.

அன்றே மல்லிகையைத் தோழி வீட்டில் கொடுத்துவிட்டு மறுபடி நர்சரிக்கு ஓடினேன். அதே பெண்தான் இருந்தார். அந்தப் பறவை வாசனையைத் தேடி வராது, நிறத்தைப் பார்த்துத்தான் வரும், அதன் நீள அலகுக்குக் குழல் பூதான் தோது என்று, முதல் தடவை சொன்னதையே முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னார். முகர்ந்து பார்க்காமல் மூன்று தொட்டி சால்வியா வாங்கினேன்.

நாலாம் நாள் காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

“ஏய், இங்கிட்டு வா. சத்தம் போடாம வா. வந்துருக்கு பாரு.”

பால்கனிக்குப் போனேன். ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. பச்சை முதுகு வெயிலில் மின்ன, அந்தச் சின்னஞ்சிறு பறவை ஒவ்வொரு பூவாக அலகை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மல்லிகையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா இப்போது குணமாகி, பழையபடி வாயாடுகிறார். நான்தான் மாறிவிட்டேன், யாருக்காவது ஆசையாக எதையாவது வாங்கப் போனால், கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, இது அவருக்குப் பிடித்ததா, எனக்குப் பிடித்ததா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.